வலது பக்கத்துக்கு ஓவர்டைம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காகித ஆலைக்குப் பழைய காகிதத்தைத் தரம் பிரித்து அனுப்பும் கொட்டகை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். லாரியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெள்ளைத்தாள் ஒரு பக்கம், அச்சடித்தது ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட வேண்டும். குண்டூசி, கிளிப், பிளாஸ்டிக் உறை எதுவும் கூடப் போய்விடக் கூடாது. பிரித்ததை அமுக்கிக் கட்டாகக் கட்ட ஒரு பெரிய இயந்திரம் இருக்கிறது. அது ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அது நிற்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். எங்கள் கதை அந்த நேரத்தில்தான் தொடங்கியது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு எழுத்து கண்ணில் பட்டால் படித்துவிட வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். கடையில் பொட்டலம் கட்டிவந்த தாளைக்கூட என்னிடம் கொடுத்து, "இதுல இன்னா போட்டுக்கீது, படி" என்பார்கள். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. படிக்கிற பழக்கம் நிற்கவில்லை. கொட்டகையில் கை பிரித்துக்கொண்டே இருக்கும், கண் படித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஏதோ கம்பெனி கேன்டீன் குப்பையிலிருந்து ஒரு சீட்டு கிடைத்தது. சாப்பிட உட்கார்ந்ததும் சுற்றி இருந்த பெண்களுக்குப் படித்துக் காட்டினேன்.

"என் டிபன் டப்பாவைத் திறக்கும் நண்பருக்கு வணக்கம். இந்த வாரம் முழுக்க என் ஆம்லெட்டை நீங்கள்தான் சாப்பிடுகிறீர்கள். நாளை முதல் பச்சை மிளகாய் கூடுதலாக இருக்கும். தண்ணீர் பாட்டிலும் பக்கத்திலேயே வைக்கிறேன். பத்திரம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் சிரிக்காமல் டிபன் மூடியைக் கவிழ்த்து வைத்துத் தட்டினாள்.

"இன்னாடி, அந்தக் கடைசி லைன இன்னொருக்கா படி."

"தண்ணீர் பாட்டிலும் பக்கத்திலேயே வைக்கிறேன். பத்திரம்."

"பத்திரம் பத்திரம் ஆம்லெட்டு பத்திரம்" என்று அவள் பாட ஆரம்பித்தாள். அடுத்த வரியை அவளே கட்டினாள். அதற்கடுத்த வரியைப் புரையேறியவள் கட்டினாள். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கும்வரை பாட்டு நிற்கவில்லை.

அந்த அக்கா பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். அவள் அண்ணன்கள் இன்றும் ஏரியில் மீன் பிடிக்கிறார்கள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, எனக்கு முன்பே கொட்டகையில் சேர்ந்தவள். அவளுக்குச் சாதாரணமாகப் பேசும்போதே பாட்டு மாதிரிதான் வரும். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் எங்கள் இருவருடையது ஆனது. நான் படிப்பேன், அவள் பாடுவாள். மற்ற பெண்களும் தங்கள் பக்கம் வரும் சீட்டுகளை எனக்காக எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். அதில் ஒன்று இப்படி இருந்தது: "நாளைக்கு உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். இன்றைக்குக் கோபமாக இருக்கிறேன். டீ போட்டு வைத்திருக்கிறேன்." அதைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம்.

என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். அவரிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அடுத்தவங்க லெட்டர நீ எப்டி படிக்கலாம்? உன்து யாரனா படிச்சா சும்மா இருப்பியா?"

"அவங்க வேணாம்னு போட்டதுதானேங்க?"

"வேணாம்னு போட்டாங்க. படின்னு போட்டாங்களா?"

சில நாள் கொட்டகையில் எதையும் படிக்காமல் பேசாமல் இருந்தேன். அக்கா கேட்டதற்கும் தலைவலி என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களில்தான் யோசித்து ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஒரு சீட்டு கையில் வந்தால், பேர், ஊர், கம்பெனி, போன் நம்பர் இருக்கும் இடத்தை முதலில் கிழித்து எறிந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, போலீஸ் சம்பந்தப்பட்ட காகிதங்களை மனசுக்குள்கூடப் படிக்கக் கூடாது. எழுதியவர் முன்னால் நின்றால் அவர் தலை குனிவார் என்று தோன்றும் எதுவும் வெளியே வரக் கூடாது. இதை அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"அப்ப செரி. ஆனா ஒண்ணு. யாரனா வந்து இது என்துன்னு கேட்டா, மறுபேச்சு இல்லாம குடுத்துடணும்."

"குடுத்துடறேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக்கா எந்த சுருதில பாடுது?" என்றார்.

"சுருதியா? டிபன் மூடில தட்டிக்கினு பாடுது."

"ஞாயித்துக்கிழம ஊட்டுக்கு இட்டுனு வா."

வந்தாள். அவர் கீபோர்டை ஸ்டூலில் வைத்து, சர்ச்சில் வாசிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"நைனா, உன் பொட்டி நல்லா அழுவுது. எனக்கு அது எழுந்து ஓடணும்" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெபப் பாட்டைத் தவிர வேறெதுவும் நாலு பேர் முன்னால் வாசித்துப் பழகாதவர் அவர். அன்று வீட்டில் இருந்த காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அக்கா தாளம் போட, அவர் விரல்கள் ஓடக் கற்றுக்கொண்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்துக்கொண்டே வாசித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் முதல் நிகழ்ச்சி, தெருப் பொங்கல் விழாவில். சமுதாயக் கூடத்தில் பிள்ளைகள் டான்ஸ் முடிந்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஆம்லெட் சீட்டைப் படித்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பின் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்டது. அக்கா என் பக்கம் குனிந்து, மைக் இருப்பதை மறந்துவிட்டு, "இன்னாத்துக்கு டிவி நியூஸ் மாரி படிக்கிற? ஆம்லெட்டு காணாம போனவ மாரி படி!" என்றாள். அது கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்குத்தான் முதல் சிரிப்பு வந்தது. நான் மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தேன், ஆம்லெட்டைப் பறிகொடுத்தவளாக. அதன்பிறகு யாரும் எழுந்து போகவில்லை.

அந்த விழாவுக்கு வந்திருந்த ஒருவர், திருவள்ளூரில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறவர். அவர் கேட்டார்: "எங்க ஊருக்கு வந்து பண்றீங்களா? ஞாயித்துக்கிழம மத்தியானம், சின்ன ஹால்தான். புதுசா ஏதாவது இருந்தா நல்லாருக்கும்."

புதிதாக ஒன்று கையில் இருந்தது. ஒரு மூட்டையின் அடியில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த கட்டு. தினமும் கிழிக்கும் காலண்டரின் தேதித்தாள்கள். முன் பக்கம் நல்ல நேரமும் ராசிபலனும். பின் பக்கம் பேனாவில் ஒருவர் எழுதிய குறிப்புகள். புருஷன் ஒரு ஷிப்ட், பெண்டாட்டி வேறு ஷிப்ட். இவர் வரும்போது அவள் போய்விடுகிறாள். அவளுக்காக அவர் எழுதி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

"இந்த வீட்டில் இன்னொருவரும் குடியிருப்பதாகத் தெரிகிறது. ஒரு நாள் நேரில் பார்க்க ஆசை. இப்படிக்கு, கட்டிலின் இடது பக்கம்."

"உன் செருப்பு வாசலில் இருந்தது. இருக்கிறாய் என்று நினைத்து உள்ளே வந்து கூப்பிட்டேன். பல்லிதான் பதில் சொன்னது."

அன்றே அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நானும் என் வீட்டுக்காரரும் அப்படி ஷிப்ட் மாறி மாறி வாழ்ந்தவர்கள்தான். அவர் அதற்கு மெதுவான ஒரு மெட்டுப் போட்டார். அவர் போட்டதிலேயே அதுதான் நல்ல மெட்டு என்று எனக்குத் தோன்றியது. அந்த மெட்டுக்கு ஒத்துவராத தாள்களை ஒதுக்கி வைத்தேன். உடைந்த டம்ளரைப் பற்றி ஒரு தாள் இருந்தது, அதையும் ஒதுக்கினேன். அக்கா மட்டும் ஒத்திகையில் உதட்டைப் பிதுக்கினாள்.

"எனக்கு அழுவ வரலடி. இந்த ஆளு குசும்பு புடிச்ச ஆளு மாரி கீது."

நாங்கள் இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போனோம். கீபோர்டைப் பழைய போர்வையில் சுற்றி அவர் மடியில் வைத்துக்கொண்டார். வாளியை அக்கா வைத்துக்கொண்டாள். ஹாலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஆபீஸில் வேலை செய்கிறவர்கள், டீச்சர்கள், ரயிலேறி வந்த சின்னக் குடும்பங்கள். ஆம்லெட்டுக்குச் சிரித்தார்கள். மன்னிப்புச் சீட்டுக்கு அமைதியானார்கள். கடைசியாகக் காலண்டர் தாள்களை எடுத்தேன்.

அவர் மெட்டைத் தொடங்கினார். நான் ஒவ்வொரு தாளாகப் படித்தேன். முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நன்றாகப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. "பல்லிதான் பதில் சொன்னது" என்று நிறுத்தினேன். அப்போது நடு வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் இருந்த ஆள் அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். அவள் உதறிவிட்டாள்.

"அது எங்க ஊட்டுப் பேப்பரு" என்றாள்.

கீபோர்டு நின்றது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. மேடையிலிருந்தபடியே தாள்கட்டை நீட்டினேன்.

"மன்னிச்சிக்கோங்க. குப்பைல வந்துச்சு. பேரு எதுவும் நாங்க படிக்கல. இந்தாங்க, வாங்கிக்கோங்க."

"மன்னிப்பு எதுக்கு? நாங்க கும்மிடிப்பூண்டில குடியிருந்தோம். வேப்பம்பட்டுக்கு ஊடு மாறும்போது பழைய பேப்பர்காரரு மூட்டயோட எடுத்துனு போனாரு. அது பரவால்ல. ஆனா நீங்க இன்னாத்துக்கு இழவு ஊட்ல படிக்கிற மாரி படிக்கிறீங்க? இதெல்லாம் நாங்க சிரிச்சிக்கினே எழுதுனது!"

அக்காதான் முதலில் சிரித்தாள். "நான் சொல்லல?" என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். அப்புறம் அந்தப் பெண்ணிடம், "நாங்க எழுதுனதுன்றியே, உன் கையெழுத்து இதுல ஒண்ணுகூட இல்லயேம்மா. நீ பதிலே எழுதலயா?" என்று கேட்டாள்.

"எழுதாம? எங்க சமையல்கட்டு மேடை கருப்புக் கடப்பா கல்லு. அதுல சாக்பீஸால எழுதிட்டுப் போவேன். அவரு படிச்சிட்டு, தொடச்சிட்டு, அதுமேலயே காய் நறுக்குவாரு."

"அப்ப மேல வா. வந்து சொல்லு."

அவள் தயங்கினாள். பக்கத்திலிருந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஹாலில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அவள் மேடைக்கு வந்து மைக் முன்னால் நின்றாள். கீழே கை காட்டி, "அவருதான் எங்க ஊட்டுக்காரரு. இடது பக்கம்" என்றாள். ஹால் வெடித்துச் சிரித்தது.

நான் முதல் தாளை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கொஞ்சம் மிடுக்காக, அரசாங்கக் கடிதம் வாசிக்கிற தோரணையில் படித்தேன். "இந்த வீட்டில் இன்னொருவரும் குடியிருப்பதாகத் தெரிகிறது. ஒரு நாள் நேரில் பார்க்க ஆசை. இப்படிக்கு, கட்டிலின் இடது பக்கம்."

அவள் மைக்கில் சொன்னாள்: "சந்திக்க முடியாது. வலது பக்கத்துக்கு ஓவர்டைம்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. அது அடங்குவதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். தான் பார்த்துப் பார்த்துப் போட்ட மெட்டை அந்த இடத்திலேயே விட்டுவிட்டார். அதே ராகத்தை எடுத்து, குத்துப் பாட்டு வேகத்துக்கு ஏற்றினார். ஒத்திகை இல்லை, யாரும் சொல்லவில்லை. அக்கா வாளியில் தாளத்தைப் பிடித்தாள். "வலது பக்கம் ஓவர்டைம், ஓவர்டைம்" என்று அவள் எடுத்துக் கொடுக்க, டீச்சர்களும் ஆபீஸ்காரர்களும் சேர்ந்து பாடினார்கள்.

நான் பல்லித் தாளைப் படித்தேன். அவள் பதில்: "பல்லி சொன்னா நான் சொன்ன மாரிதான். போய்த் தூங்கு."

ஒதுக்கி, கட்டின் அடியில் வைத்திருந்த டம்ளர் தாளையும் தேடி எடுத்துப் படித்தேன். "பாத்திரம் கழுவிவிட்டேன். ஒரு டம்ளர் உடைந்தது. எது என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடி."

"உங்கம்மா குடுத்த டம்ளர்தானே? நான் ஒண்ணும் அழுவல."

இடது பக்கத்துக்காரர் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தானும் கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பக்கம் அவர்களையும் பார்க்க வேண்டும், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரரையும் பார்க்க வேண்டும் போலிருந்தது. வியர்த்துப்போய், சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, விரலை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவரை ஃபிட்டராகத்தான் தெரியும். அன்று அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு அவர் வேறு ஆள். அந்த ஆளின் பெண்டாட்டி நான் என்று எழுந்து சொல்ல வேண்டும் போலிருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் தாள்கட்டை அவளிடம் கொடுத்தேன். புருஷனும் பெண்டாட்டியும் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிச் சிரித்தார்கள். ஒரு தாளில் மட்டும் அவள் நின்றுவிட்டாள். எந்தத் தாள் என்று எனக்குத் தெரியும். "வேலையில் தூக்கம் வந்தால் உட்கார்ந்துகொள். சூப்பர்வைசர் கேட்டால் சொல்: இனிமேல் நான் ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள்."

"இத நீங்க படிக்கலயே?" என்றாள்.

"இல்லம்மா. அது உங்களோடதுன்னு தோணிச்சு. அதான் யாருக்கும் காட்டல."

அவள் அந்த ஒரு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மற்றவற்றை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மீதிய நீங்க வச்சிக்கோங்கக்கா. படிங்க. ஆனா சிரிச்சிக்கினு படிங்க."

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் போர்வை மூட்டையைப் பார்த்து, "இன்னாது அது, இவ்ளோ நீட்டா?" என்றார். நானும் அவரும் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்: "கீபோர்டு. நாங்க ப்ரோக்ராம் பண்றவங்க." சொல்லிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது மாதத்துக்கு ஒரு இடமாவது போகிறோம். வேப்பம்பட்டுப் பெண்ணும் லீவு கிடைத்தால் வந்து தன் பதில்களைத் தானே சொல்கிறாள். நிகழ்ச்சி முடிந்ததும் சிலர் தயங்கித் தயங்கி வந்து, பர்ஸிலிருந்து மடித்த சீட்டை எடுத்து, "இது குப்பைல போட மனசு வரல, நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் அக்கா வர மறுத்துக்கொண்டே இருந்தாள். அவள் பிறந்த குப்பத்துக்கு. "எங்க பெரியண்ணன் ஒத்துக்காது. ஊரு முன்னாடி பொம்பள இன்னாத்துக்குப் பாடணும்னு கேக்கும்" என்பாள். போன மாதம் அந்த ஊரிலிருந்தே கூப்பிட்டபோது அரை மனதோடு ஒத்துக்கொண்டாள். மழையில்லாத ஒரு சாயங்காலம், ஏரிக்கரையில் பெஞ்சு போட்டு மேடை. பெரியண்ணன் வந்தார். வலை காயும் இடத்தில் தனியாக நின்றுகொண்டார். ஆம்லெட்டுக்கும் சிரிக்கவில்லை, ஓவர்டைமுக்கும் சிரிக்கவில்லை.

கடைசியில் நான் கேட்டேன், "உங்க யார்கிட்டயாவது சீட்டு எதனா கீதா?"

"எங்ககிட்ட ஏது லெட்டரு? எல்லாம் போனுதான்" என்று சிரித்தார்கள். அப்போது பெரியண்ணன் நடந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து, எண்ணெய் படிந்த ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்தார். படகுக்குக் கொண்டுபோகும் சோற்றுத் தூக்கின் மேல் மகள் வைத்து அனுப்பியது.

படித்தேன். "அம்மா சொல்லச் சொல்லிச்சு. நண்டு கிடைக்கலன்னா பரவால்ல. மேகம் கருக்குது. சீக்கிரம் வா."

அக்கா பாடவில்லை. தலை குனிந்து வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மணலில் இழுத்துவந்து அவளுக்குப் பின்னால் போட்டார்.

"நின்னுக்கினே எவ்ளோ நேரம் பாடுவ? குந்து" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். பாடினாள். நான் கேட்ட அவள் பாட்டுகளிலேயே அதுதான் சிறந்தது. பெரியண்ணன் மறுபடி வலைப் பக்கம் போய் நின்றார். அங்கே வந்து நின்ற வெளியூர் வியாபாரி ஒருவர் யார் இது என்று விசாரித்ததும், பெரியண்ணன் சத்தமாகவே பதில் சொன்னதும் மேடை வரைக்கும் கேட்டது.

"பாடுறது என் தங்கச்சி."